போர்டில் ஓடுகிறது

டோரிஸ் பொத்தானை அழுத்தினார். போர்டின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது; ப்ராசஸர் விழித்துக்கொண்டதற்கு அடையாளமாகத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது. காலையிலிருந்து இதே வேலையாக உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தடவகூட மக்கர் பண்ண மாட்டேங்குதே தம்பி," என்றார். "ஃபேக்டரியிலேர்ந்து வந்த சிப்பு பாதி எழுந்திரிக்கவே மாட்டேங்குது. இது மட்டும் எப்படி லா இவ்வளவு நல்லா ஓடுது?"

"அதான் எனக்கும் புரியலக்கா," என்றான் சிவநேசன்.

அவனுக்குப் புரியும். அந்தக் கட்டடத்தில் அவன் ஒருவனுக்கு மட்டுமே புரியும். கோப்பி குடிக்கிற சாக்கில் முகத்தைக் கப்புக்குள் புதைத்துக்கொண்டான். கப்பில் கோப்பி தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

மலேசியாவில், சுங்கை வே தொழிற்சாலைகளுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது அவர்களுடைய அலுவலகம். தண்ணீர் மீட்டருக்குள் வைக்கும் சிப் ஒன்றை வடிவமைத்துக் கொடுப்பது வேலை. சிப்பின் மூளையான ப்ராசஸரை அவர்கள் உருவாக்கவில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விற்கும் வடிவமைப்பை வாங்கி, மீட்டருக்குத் தேவையானதை அதைச் சுற்றிக் கட்டினார்கள். தொழிற்சாலை அதைச் செய்து அனுப்ப மாதக்கணக்காகும். அதுவரை மென்பொருள்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது அல்லவா? அதனால் அந்த வடிவமைப்பை முதலில் ஒரு எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஏற்றுவார்கள். அந்தப் போர்டில் இருக்கும் சிப், எதுவாக ஆகச் சொன்னாலும் ஆகும். இன்றைக்கு ப்ராசஸர், நாளைக்கு அழித்துவிட்டால் வேறொன்று. நிஜச் சிப் வருவதற்கு முன்பே அதில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ஆனால் தொழிற்சாலைக்கென்று எழுதியதை அப்படியே போர்டில் ஏற்ற முடியாது. அங்கங்கே மாற்ற வேண்டும். அந்த மாற்றும் வேலைதான் சிவநேசனுடையது.

அவன் மாற்றியவற்றில் ஒன்று கேட். ப்ராசஸருக்குள் ஒரு துடிப்பு ஓயாமல் ஓடும். அந்தத் துடிப்பு வந்தால்தான் உள்ளே எதுவும் அசையும். தண்ணீர் மீட்டர் ஒரே பேட்டரியில் வருஷக்கணக்காக உயிர் வாழ வேண்டியது. அதனால் வேலை இல்லாத பகுதிக்குத் துடிப்பு போகாமல் அடைத்துவிடுவார்கள். அடைப்பதற்கு ஒரு கேட். நிஜச் சிப்பில் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். போர்டுக்கு அவை ஒத்துவராது. வைத்தால் துடிப்பு ஓரிடத்துக்கு முந்தியும் ஓரிடத்துக்குப் பிந்தியும் போய்ச் சேரும். ஆகவே போர்டில் ஏற்றும்போது எல்லாக் கேட்டையும் பிடுங்கிவிட்டு, துடிப்பை எங்கும் எப்போதும் ஓடவிடுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். தப்பு இல்லை. ஒரே ஒரு கேட்டைத் தவிர.

அந்த ஒன்றின் மீது டோரிஸுக்குச் சந்தேகம். வடிவமைப்பு முழுவதையும் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வந்து போகிறவர், மெதடிஸ்ட் குடும்பம், இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். ப்ராசஸரை எழுப்பிவிடும் பகுதியில் அந்த கேட் இருந்தது. கரண்ட் வந்ததும் உள்ளே இருக்கும் பழைய குப்பையைத் துடைத்துவிட்டுத்தான் ப்ராசஸர் எழ வேண்டும். துடைப்பதற்கும் துடிப்பு வேண்டும். அந்த நேரம் பார்த்து கேட் மூடியிருந்தால்? கணினியில் ஓட்டிப் பார்த்தால், அந்த இடம் வந்ததும் அது 'தெரியாது' என்று கைவிரித்துவிடும். டோரிஸ் தாளில் போட்டுப் பார்த்தார். எழாது என்றே வந்தது. ஆனாலும் தாளை மட்டும் நம்பித் தொழிற்சாலைக்கு அனுப்புவதை நிறுத்த முடியாது. அதனால் அந்த ஒரு கேட்டை மட்டும் பிடுங்காமல் போர்டில் வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னார். சிவநேசனும் சரி என்றான்.

அது தைப்பூசத்துக்கு முந்திய மாதம். சிவநேசனுக்கும் ஷாமினிக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். விரதம் இருந்தான், லீவும் வாங்கிவிட்டான். அந்த கேட்டை வைத்துச் சரிக்கட்ட இரண்டு வாரமாவது பிடிக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. வாயைத் திறந்தால் லீவு போகும், கெடு தள்ளிப்போகும், எல்லோரும் இவனைத்தான் பார்ப்பார்கள். தைப்பூசம் முடிந்து வந்து செய்துவிடலாம் என்று ஒத்திப்போட்டான். கெடு ஒத்திப்போகவில்லை.

கடைசிக் கூட்டத்தில் மேனேஜர் முகுந்தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "டோரிஸோட டவுட் ஒண்ணு நிக்குது. போர்டுல ஓடுதா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"போர்டுல ஓடுது," என்றான் சிவநேசன்.

அந்த இரண்டு சொல்லில் பொய் எதுவும் கிடையாது. போர்டில் அது ஜோராக ஓடியது.

"அந்த கேட்டோடதானே தம்பி?" என்று டோரிஸ் கேட்டார்.

சிவநேசன் தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று கேட்டால் அவனே திணறுவான். நம்மவர்கள் தலையாட்டுவதில் ஆமாமும் உண்டு, இல்லையும் உண்டு, பார்க்கலாமும் உண்டு. டோரிஸ் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். சந்தேகத்தை மூடிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "சாமி காரியம், நிம்மதியா போய்ட்டு வா. இங்க ஏதாச்சும்னா நான் பாத்துக்கிறேன்," என்றும் சொன்னார். அவன் பால்குடத்தோடு பத்துமலைப் படி ஏறிய அன்று வடிவமைப்பு தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது சிப் திரும்பி வந்துவிட்டது. பாதி எழுகிறது, பாதி எழவில்லை. எழுந்ததே மறுநாள் எழுவதில்லை.

"இதுல அந்த கேட் இருக்குல்ல தம்பி?" டோரிஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

இந்தத் தடவை தலையாட்டித் தப்பிக்க வழியில்லை. அவர் அவனைப் பார்க்கவில்லை.

"இருக்குக்கா," என்றான்.

ஆறு மாதத்துக்கு முன் செய்தது மழுப்பல் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தி வைத்திருந்தான். இது பச்சைப் பொய்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முகுந்தன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். திங்கட்கிழமை வாடிக்கையாளரோடு வீடியோவில் கூட்டம். காரணம் கேட்பார்கள். "வெரிஃபிகேஷன்ல விட்டுப்போச்சுன்னு முடிச்சுக்கலாம் லா. கையெழுத்து டோரிஸோடது. யாராச்சும் ஒருத்தர் ஏத்துக்கிட்டாத்தான் அவங்க அடுத்த சிப்புக்குப் பேசுவாங்க. உன் போர்டுதான் நல்லா ஓடுதே, உனக்கு ஒண்ணும் இல்ல," என்று முதுகில் தட்டினார். சிவநேசனுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அடுத்த நிமிடமே அருவருப்பாகவும் இருந்தது.

சாயங்காலம் செத்தியா ஜெயா ஸ்டேஷனில் அவன் எப்போதும் நிற்பது கே.எல். சென்ட்ரல் பக்கம், அங்கே இறங்கினால் பிரிக்பீல்ட்ஸில் வீடு. அன்றைக்கு மேம்பாலம் ஏறி எதிர்ப் பக்கம் போய், டோரிஸ் ஏறிய பெட்டியில் ஏறினான்.

"என்னா தம்பி இந்தப் பக்கம்?"

"கிள்ளான்ல ஒரு வேலக்கா."

வேலை இதுதான்: அவரிடம் சொல்லிவிடுவது. ஷா ஆலம் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் அவரே பேசத் தொடங்கிவிட்டார்.

"திங்கக்கெழம நானே சொல்லிறலாம்னு இருக்கேன் தம்பி. என் தப்புதான்னு. முகுந்தன் சொல்லி நான் கேட்டுக்கிட்டு நிக்கிறதவிட அது பரவால்ல. சொல்லிட்டு வேலைய விட்டுறேன்."

"ஏன்க்கா, அவசரப்படாதீங்க..."

"வேலை போனா போகுது லா. அது இல்ல பயம்." டோரிஸ் கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "நேத்துகூட மறுபடி தாள்ல போட்டுப் பாத்தேன். எழுந்திரிக்கக் கூடாதுன்னுதான் வருது. எத்தன தடவ போட்டாலும் அப்படித்தான் வருது. ஆனா அந்த கேட்ட வச்சே போர்டுல எழுந்திரிக்குதே. அப்போ என் கணக்குதான தப்பு? எங்க தப்புன்னு தெரிஞ்சாகூட தேவல. தெரியவே மாட்டேங்குது. எங்கம்மாவுக்கு இப்படித்தான் தம்பி ஆரம்பிச்சுச்சு. பாசார்ல சில்லறைய கையில வச்சுக்கிட்டு, எண்ணத் தெரியாம நின்னாங்க. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க."

சிவநேசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"தலைய ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரியில நாள் வாங்கிட்டேன். வீட்டுல யாருக்கும் சொல்லல. நீயும் யார்கிட்டயும் சொல்லாத."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மனுஷனாகப் பிறந்த எவனும் சொல்லியிருப்பான். அவன் வாயைத் திறந்தான். வந்தது, "அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா," என்பதுதான். கிள்ளானில் இறங்கி, துணிக்கடை வரிசையில் குழந்தைக்கு ஒரு பூப்போட்ட கவுன் வாங்கி அவன் கையில் திணித்தார் டோரிஸ். அவன் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஷாமினி குழந்தைக்கு இட்டிலி ஊட்டிக்கொண்டிருந்தாள். கவுன் ஏது என்று கேட்டாள். ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய பதில், தைப்பூசத்தில் தொடங்கி ஸ்கேன் வரைக்கும் போய்விட்டது. ஷாமினி குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பால்குடத்துக்காகத்தான் சொல்லலன்னு சொல்றீங்களா?"

"லீவு போயிரும்னு..."

"சாமி கேட்டுச்சா, பொய் சொல்லிட்டாவது வந்துருன்னு? அடுத்த வருஷம் எடுத்திருந்தா புள்ள திரும்பிப் போயிருமா? புள்ள பேர இதுல இழுக்காதீங்க. ஒங்களுக்குப் பயம். அத அப்படியே சொல்லுங்க."

அப்படி அவள் பேசி அவன் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினான்.

சனிக்கிழமை. மாடியில் யாரும் இல்லை. போர்டை உயிர்ப்பித்து, தான் பிடுங்கிய கேட்களில் அந்த ஒன்றை மட்டும் திரும்ப வைத்தான். இரண்டு வாரம் என்று அவன் போட்டிருந்த கணக்கு, எல்லாவற்றையும் முழு வேகத்தில் அழகாக ஓட்டுவதற்கு. அந்த ஒரு பகுதியை மட்டும், துடிப்பை மெதுவாக்கி, நொண்டி நொண்டியாவது ஓட்டினால் போதும் என்று இறங்கியபோது, வெளியே வெயில் தாழ்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. அது அவனுக்கே விழுந்த முதல் அறை.

பொத்தானை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது. புதிதாக ஏற்றிய போர்டு உள்ளே சுத்தமாக இருக்கும், அதனால் முதல் தடவை எழத்தான் செய்யும். சற்று ஓடவிட்டு, உள்ளே குப்பை சேர்ந்த பிறகு மறுபடி அழுத்தினான். விளக்கு எரியவில்லை. திரையில் எதுவும் வரவில்லை. டோரிஸ் தாளில் போட்ட கணக்கு அட்சரம் பிசகாமல் அவன் முன்னால் நின்றது.

திங்கட்கிழமை கூட்ட அறையில் வாடிக்கையாளர் பக்கத்து ஆட்கள் சுவரில் இருந்த திரையில் வந்து உட்கார்ந்தார்கள். டோரிஸ் வெள்ளைச் சேலை கட்டி, சர்ச்சுக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். அவர் தொண்டையைச் செருமியதும் சிவநேசன் முந்திக்கொண்டான்.

"ஒரு நிமிஷம். நான் ஒண்ணு காட்டணும்."

போர்டை மேசை நடுவில் வைத்தான். அழுத்தினான், எழுந்தது. மறுபடி அழுத்தினான், எழவில்லை. கேட் மூடியிருப்பதால் துடைக்கிற துடிப்பு உள்ளே போகவில்லை என்று சொல்லி, இருக்கும் சிப்களைக்கூட மென்பொருளால் ஓரளவு காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது என்றும் காட்டினான். திரையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

முகுந்தனுக்கு வாயெல்லாம் பல். "எங்க சிவநேசன், வீக்எண்ட்ல வந்து கண்டுபிடிச்சிருக்கார்! அதான் நம்ம டீம்!" என்று கை தட்டினார். திரையிலும் யாரோ தட்டினார்கள். தான் ஒளித்து வைத்ததைத் தானே எடுத்துக் கொடுத்ததற்குக் கைதட்டல். சிவநேசனுக்குக் காது கூசியது.

டோரிஸ் மட்டும் தட்டவில்லை. போர்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழம நான் இதே போர்டுலதான அழுத்திப் பாத்தேன்? அன்னைக்கு ஒரு தடவகூட நிக்கலையே."

"ஏதாச்சும் செட்டிங் மாறியிருக்கும் லா, அது இப்போ முக்கியமில்ல," என்றார் முகுந்தன். தப்பிக்க ஒரு கதவை அவரே திறந்துவிட்டார். ஆமாம் என்றால் முடிந்தது.

"மாறல," என்றான் சிவநேசன். "வெள்ளிக்கிழம அதுல கேட்டே இல்ல. தைப்பூசத்துக்கு முன்னாடியும் இல்ல. நான் வைக்கவே இல்ல. அன்னைக்கு போர்டுல ஓடுதுன்னு சொன்னேன், அக்கா கேட்டப்போ தலையாட்டுனேன். அத நம்பித்தான் அவங்க கையெழுத்துப் போட்டாங்க. போன வாரம் கேட்டாங்க, இருக்குன்னு பொய் சொன்னேன். இது அவங்க தப்பு இல்ல. என் தப்பு."

அதை ஆங்கிலத்திலும் திரையைப் பார்த்துச் சொன்னான். முகுந்தன் பாய்ந்து மைக்கை அணைப்பதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கூட்டம் எப்படியோ முடிந்தது. "உன் விஷயத்த அப்புறம் பேசிக்கிறேன்," என்று முகுந்தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேலை நிலைக்காது என்று சிவநேசனுக்குத் தெரிந்தது. அறையில் அவனும் டோரிஸும் மட்டும் மிஞ்சினார்கள்.

திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. டோரிஸ் போர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். எரியவில்லை.

"அப்போ என் கணக்கு சரிதான்," என்றார்.

"சரிதான்க்கா."

"என் தலைக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லக்கா."

டோரிஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபப்படக்கூடத் தோன்றாமல், உயிர் திரும்பி வந்தவர் மாதிரி அவர் அழுததை சிவநேசனால் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார்.

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம பூரா பக்கத்துலேயே உக்காந்திருந்த. நான் அழுத்த அழுத்தப் பாத்துக்கிட்டே இருந்த."

"ஆமாக்கா," என்றான்.

"இத வைக்க எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு சனிக்கிழம."

டோரிஸ் போர்டை அணைத்தார். எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவு வரைக்கும் போய் நின்றார்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த ஒரு சனிக்கிழம வேலைய நானே வந்து செஞ்சிருப்பேனே லா. நீ சாமிக்குத்தானே போன."